மரணப் படுக்கையில் வாய்மை

'வாய்மை' அதிகாரத்தை வகுப்பில் நடத்தும் தமிழாசிரியர் எவரும் அதன் இரண்டாவது குறளில் சற்றே நின்றுதான் மேற்செல்ல வேண்டியிருக்கிறது. பொய்யாமையை அத்துணை உயர்த்திய வள்ளுவப் பெருந்தகை, குற்றமில்லாத நன்மையைத் தருமானால் பொய்யும் மெய்யின் இடத்தைப் பெறும் என்று அங்கே இசைவு கொடுக்கிறார். "எப்போது அப்படிச் சொல்லலாம், ஐயா?" என்று மாணவன் கேட்பான். நாம் எடுத்துக் காட்டும் உதாரணம் பெரும்பாலும் இதுவாகவே இருக்கும்: தீரா நோயில் படுத்தவரிடம், "உங்களுக்கு ஒன்றுமில்லை, சீக்கிரம் எழுந்து நடப்பீர்கள்" என்று சொல்லும் பொய்.

உதாரணம் பொருத்தமாகத் தோன்றுகிறது. நம் இல்லங்களின் வழக்கமும் அதுவே. ஆஸ்பத்திரியில் டாக்டர் மூத்த மகனை மட்டும் தாழ்வாரத்துக்கு அழைத்து உண்மையைச் சொல்கிறார். மகன் தாய்மாமனிடம் சொல்கிறான். தாய்க்குப் பாதி தெரிகிறது. நோயாளிக்கோ 'வயிற்றுப் புண்' என்றும் 'இரத்தக் குறைவு' என்றும் ஒரு பெயர் சொல்லப்படுகிறது. இதில் வஞ்சகம் எதுவும் இல்லை. அன்பு காரணமாகவே செய்கிறோம். எனினும் வள்ளுவர் வைத்த நிபந்தனை அன்பன்று, குற்றமற்ற நன்மை. அந்தப் பொய்யால் நோயாளிக்கு அத்தகைய நன்மை விளைகிறதா?

இந்தக் கேள்விக்கு நெடுங்காலம் மக்கள் ஊகத்தாலேயே விடை கூறிவந்தனர். இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்குப் பின்னரே சிலர், இறந்துகொண்டிருப்பவரின் கட்டிலருகே நாற்காலியை இழுத்துப் போட்டு அமர்ந்து அவரையே கேட்டனர். அவ்வாறு கேட்ட வரலாற்றைச் சுருக்கமாக எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

பழைய வைத்தியரின் மௌனம்

உண்மையை மறைப்பது கீழ்நாட்டார் வழக்கம், உடைத்துச் சொல்வது மேல்நாட்டார் வழக்கம் என்று பலர் எண்ணுகின்றனர். வரலாறு அவ்வாறு கூறவில்லை. ஹிப்போகிரட்டீஸ் பெயரால் வழங்கும் பழங் கிரேக்க மருத்துவ நூல்களுள் ஒன்று, நோயாளிக்கு இனி நேரப்போவதை அவரிடம் வெளியிடாதிருக்குமாறு வைத்தியனுக்கு அறிவுரை கூறுகிறது. அமெரிக்க மருத்துவச் சங்கம் 1847-இல் வகுத்த முதல் ஒழுக்க விதிகள், வைத்தியரின் செய்கை மட்டுமன்றி அவர் சொல்லும் நடந்துகொள்ளும் முறையும்கூட நோயாளியின் ஆயுளைக் குறைத்துவிடலாம் என்று எச்சரித்தன. ஆபத்து இருப்பின் அதை நோயாளியின் உற்றாரிடம் தெரிவிக்க வேண்டும். மிகவும் இன்றியமையாத நேரத்தில் மட்டுமே நோயாளியிடம் தெரிவிக்கலாம் என்பது அவ்விதி. நம் ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் நடப்பதும் இதுவேயன்றோ!

இந்த மௌனம் நோயாளியை என்ன செய்கிறது என்பதை மருத்துவருக்கு முன்னே கண்டவர் ஓர் எழுத்தாளர். 1886-இல் வெளிவந்த 'இவான் இலியிச்சின் மரணம்' என்னும் டால்ஸ்டாயின் சிறு நவீனத்தில், நோயின் வலியைக் காட்டிலும் தன்னைச் சூழ்ந்துள்ளவர்களின் பொய்யே இவானை அதிகமாக வாட்டுகிறது. மனைவி நடிக்கிறாள், வைத்தியர்கள் நடிக்கிறார்கள், அவனும் நடிக்க வேண்டியிருக்கிறது. கெராசிம் என்னும் குடியானவ வேலையாள் ஒருவன் மட்டுமே நடிக்காமல் பணிவிடை செய்கிறான். அவன் அருகிலிருக்கும்போதுதான் இவானுக்கு ஆறுதல் பிறக்கிறது.

கதையில் கண்டது கணக்கிலும் வெளிப்பட்டது. அமெரிக்காவில் புற்றுநோய் கண்ட 100 பேரிடம், 'உங்கள் நோயின் பெயரை அறிய விரும்புவீர்களா?' என்ற கேள்வி கேட்கப்பட்டது. 89 பேர் அறியவே விரும்பினர் என்று 1950-இல் அந்த ஆய்வு வெளியாயிற்று. பதினோராண்டு கழித்து, 1961-இல், டொனால்ட் ஓக்கன் என்னும் மருத்துவர் சிகாகோ ஆஸ்பத்திரி ஒன்றின் 219 டாக்டர்களைக் கேட்டறிந்ததை வெளியிட்டார். நோயாளியிடம் புற்றுநோய் என்று சொல்லாதிருப்பதையே அவர்களுள் ஏறக்குறைய 90 விழுக்காட்டினர் விரும்பினர். பத்தில் ஒன்பது நோயாளிகள் அறிய விரும்புகிறார்கள். பத்தில் ஒன்பது டாக்டர்கள் சொல்ல விரும்பவில்லை! காரணம் கேட்டபோது டாக்டர்கள் தம் அனுபவத்தைச் சுட்டினர். ஆனால் அந்த அனுபவம் முறையாகச் சோதித்தறிந்ததன்று, முன்னரே கொண்ட உணர்ச்சி சார்ந்த முடிவே என்று ஓக்கன் எடுத்துக்காட்டினார். சொன்னால் என்ன நேரும் என்பதை, ஒருபோதும் சொல்லாதவர்கள் எப்படி அறிந்திருக்க முடியும்?

ஐந்நூறு பவுனும் ஒரு சன்னலும்

மௌனத்துக்கு மற்றுமொரு காரணம் உண்டு. வலியைத் தணிக்க வழி தெரியாத வைத்தியர், சாவைப் பற்றி எந்த முகத்தோடு பேசுவார்? ஆகவே வாய் திறப்பதற்கு முன்னால் வலி தணிய வேண்டியிருந்தது. அவ்வழியைத் திறந்தவர் சிசிலி சாண்டர்ஸ் அம்மையார்.

1918-இல் இங்கிலாந்தில் பிறந்த அம்மையார், இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் தாதியாகப் பயிற்சி பெற்றார். முதுகு வலியால் அத்தொழிலைத் தொடர இயலாமற்போய், ஆஸ்பத்திரியில் நோயாளிகளின் குடும்ப நலம் கவனிக்கும் அலுவலரானார். அங்கே டேவிட் தாஸ்மா என்பவரைச் சந்தித்தார். போலந்திலிருந்து வந்த யூதர், நாற்பது வயது, இலண்டனில் உற்றார் என்று சொல்ல ஒருவருமில்லை, புற்றுநோயால் இறந்துகொண்டிருந்தார். தம்மைப் போன்றவர் அமைதியாக இறப்பதற்கு எத்தகைய இடம் வேண்டும் என்று அவரும் அம்மையாரும் பலமுறை பேசினார்கள். 1948-இல் தாஸ்மா இறந்தபோது தமக்கிருந்த 500 பவுனை அம்மையாருக்கு விட்டுச் சென்றார். அம்மையார் எழுப்பப்போகும் இல்லத்தில் தாம் ஒரு சன்னலாக இருக்க வேண்டும் என்பதே அவர் ஆசை.

சன்னல் கிடைத்துவிட்டது, அதைச் சுற்றிக் கட்டடம் எழும்பப் பத்தொன்பது ஆண்டுகள் ஆயின. இறப்போரைக் கைவிடுகிறவர்கள் டாக்டர்களே. அவர்களுக்குப் புத்தி புகட்ட வேண்டுமானால் நீயும் டாக்டராக வேண்டும் என்று அறுவை வைத்தியர் ஒருவர் அம்மையாரிடம் கூறினார். முப்பத்துமூன்றாம் வயதில் மருத்துவக் கல்லூரி மாணவியாய்ச் சேர்ந்து 1957-இல் பட்டம் பெற்றார். அடுத்த ஆண்டு இலண்டனின் ஹாக்னி பகுதியில் கன்னியாஸ்திரீகள் நடத்திவந்த புனித சூசையப்பர் இல்லத்தில் பணி தொடங்கினார்.

அக்காலத்து ஆஸ்பத்திரி முறை, நோயாளி வலி தாளாமல் அரற்றிய பின்னரே மார்பின் மருந்தைக் கொடுப்பது. அது வேலை செய்து அடங்குவதற்குள் அடுத்த வலி பற்றிய அச்சம் பிடித்துக்கொள்ளும். அம்மையாரோ வலி திரும்புமுன் மணிக்கணக்குப்படி வாய்வழியாகவே மருந்தைக் கொடுத்தார். ஆயிரத்துக்கு மேற்பட்ட நோயாளிகளின் நிலையைக் குறிப்பெடுத்தார். மருந்துக்கு அடிமையாகிவிடுவார்கள் என்று அஞ்சியவாறு நேரவில்லை. அறிவு மயங்கிக் கிடக்கவும் இல்லை. வலி நீங்கியவர்கள் எழுந்து உட்கார்ந்து பேசத் தொடங்கினர். அவர்கள் பேச்சைக் கேட்டே அம்மையார் 'முழு வலி' என்னும் கருத்தை வகுத்தார். உடல் நோகிறது, மனம் நோகிறது, பிள்ளைகளின் கதி என்னவாகுமோ என்ற குடும்பக் கவலை நோகிறது, வாழ்ந்ததற்குப் பொருள் என்ன என்ற கேள்வியும் நோகிறது. இந்நான்கில் முதலாவதற்கே மருந்து உண்டு. மற்ற மூன்றும் பேச்சால் ஆறுபவை. பொய் சூழ்ந்த அறையிலோ அந்தப் பேச்சுக்கு இடமில்லை.

1967-இல் இலண்டனின் தென்பகுதியில் புனித கிறிஸ்டோபர் ஹோஸ்பிஸ் திறக்கப்பட்டது. இன்று உலகெங்கும் காணப்படும் அந்திமகாலப் பராமரிப்பு இல்லங்களுக்கு அதுவே முன்னோடி. அம்மையாரும் 2005-இல் அவ்வில்லத்திலேயே உயிர் நீத்தார்.

இருவரும் அறிந்த நாடகம்

இதே காலத்தில் சான் பிரான்சிஸ்கோ வட்டார ஆஸ்பத்திரிகளில் பார்னி கிளேசர், அன்செல்ம் ஸ்ட்ராஸ் என்னும் இரு சமூகவியலறிஞர்கள், இறப்போர் பிரிவுகளில் நாட்கணக்காய் நின்று நடப்பவற்றைக் கவனித்தனர். 1965-இல் வெளியிட்ட நூலில் தாங்கள் கண்ட நிலைமைகளை நான்காக வகுத்தனர். நோயாளி ஏதும் அறியாதிருக்கப் பிறர் அறிந்திருப்பது முதல் நிலை. நோயாளி ஐயுற்று வேவு பார்ப்பது இரண்டாவது. இருதரப்பாரும் அறிந்திருந்தும் அறியாதவர்போல் நடிப்பது மூன்றாவது. இருதரப்பாரும் அறிந்து வெளிப்படையாகப் பழகுவது நான்காவது.

நம் இல்லங்களில் பெரிதும் நிகழ்வது அந்த மூன்றாம் நிலையே என்பது என் எண்ணம். நோயாளிக்குத் தெரியாமலா போகும்? உடல் மெலிவதைக் கண்ணாடி காட்டுகிறது. இத்தனை நாள் எட்டிப்பாராத உறவினர் வெளியூரிலிருந்து வந்து காலடியில் நிற்கிறார்கள். கோபக்காரத் தம்பி திடீரென்று மரியாதை காட்டுகிறான். அவருக்கு விளங்கிவிடுகிறது. ஆயினும் பிள்ளைகள் மறைக்கப் படும் பாட்டைப் பார்த்து, அவர்கள் மனம் நோகக்கூடாதே என்று அவரும் நடிக்கிறார். தகப்பனுக்காக மகன் நடிக்கிறான். மகனுக்காகத் தகப்பன் நடிக்கிறார். நாடகம் முடியும்போது ஒருவர் இல்லை. சொல்ல நினைத்த சொற்கள் இருவரிடமும் சொல்லப்படாமலே தங்கிவிடுகின்றன.

சிகாகோவில் ஒரு வகுப்பு

எலிசபெத் கூப்ளர்-ரோஸ் அம்மையார் 1926-இல் சுவிட்சர்லாந்தில், ஒரே பிரசவத்தில் பிறந்த மூன்று பெண்களுள் ஒருவராகப் பிறந்தவர். மருத்துவம் பயின்று அமெரிக்கா சென்று, 1965-இல் சிகாகோ பல்கலைக்கழகத்தின் பில்லிங்ஸ் ஆஸ்பத்திரியில் மனநோய் வைத்தியராயிருந்தார். அவ்வாண்டு சமயக் கல்லூரி மாணவர் நால்வர், மனித வாழ்வின் நெருக்கடிகளை ஆராயும் பொருட்டு அவர் உதவியை நாடினர். மிகப் பெரிய நெருக்கடி மரணமே. அதைப் பற்றி அறிய அந்த அனுபவத்தில் இருப்போரையே ஆசிரியராகக் கொள்வோம் என்று முடிவு செய்தனர்.

ஆசிரியர் கிடைப்பதுதான் அரிதாயிற்று. அத்தனை பெரிய ஆஸ்பத்திரியில், இறந்துகொண்டிருக்கும் நோயாளி தம் பிரிவில் ஒருவருமில்லை என்று டாக்டர்கள் ஒருவர்பின் ஒருவராய்ச் சாதித்தனர்! கடைசியில் முதியவர் ஒருவர் கிடைத்தார். அம்மையாரைக் கண்டதும் உட்காரச் சொல்லி உடனே பேச விரும்பினார். நாளை மாணவர்களுடன் வருகிறேன் என்று சொல்லி அம்மையார் திரும்பிவிட்டார். மறுநாள் எல்லாரும் சென்றபோது முதியவருக்குப் பேசும் வலிமை போய்விட்டது, முயன்றதற்கு நன்றி என்று முணுமுணுத்தார், சற்றைக்கெல்லாம் இறந்துபோனார். நோயாளி பேச விரும்பும் வேளை நம் வசதிப்படி வருவதன்று என்பதே அவ்வகுப்பின் முதற் பாடமாயிற்று.

பின்னர் அவ்வகுப்பு வாரந்தோறும் நடந்தது. நோயாளியும் அம்மையாரும் உரையாடுவார்கள். அவர் சம்மதத்துடன் மாணவர்கள் கண்ணாடித் திரைக்கு அப்பாலிருந்து கேட்பார்கள். இருநூறுக்கு மேற்பட்டோர் இவ்வாறு பாடம் சொன்னார்கள். பேச அழைத்தால் நோயாளிகள் வெகுள்வார்கள் என்று டாக்டர்கள் அஞ்சினர். நோயாளிகளோ மிகப் பெரும்பாலும் இசைந்து வந்தனர். உண்மை மறைக்கப்பட்டவர்களுள் பெரும்பாலோர் அதை முன்னமே அறிந்திருந்தனர். தமக்கு நாள் நெருங்கியது அவர்களுக்குப் பேரதிர்ச்சியாய் இல்லை. அதைப் பேச ஒருவரும் இல்லாமற்போன தனிமையே அவர்களை வருத்தியது. 1969-இல் அம்மையார் எழுதிய 'மரணமும் இறத்தலும்' பற்றிய நூல் இவ்வுரையாடல்களின் விளைவாகும். அம்மையார் 2004-இல் காலமானார்.

ஐந்து படிகளா?

அந்நூலில் வரும் ஐந்து நிலைகள் இன்று பாடப் புத்தகங்களிலும் இடம்பெற்றுவிட்டன. 'எனக்கா? இருக்காது' என்னும் மறுப்பு, 'ஏன் எனக்கு?' என்னும் சினம், 'மகள் கல்யாணம்வரை இருந்தால் போதும், நேர்த்திக்கடன் செலுத்துவேன்' என்னும் பேரம், பின் துயரம், கடைசியில் ஏற்பு. ஆசிரியப் பயிற்சியில் மனத்தத்துவம் கற்றவர்கள் இதனை வரிசைக் கிரமமாக ஒப்புவிக்கக் கேட்டிருக்கிறோம்.

இவ்விடத்தில் எச்சரிக்கை வேண்டும். இந்நிலைகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தே தீரும் என்று அம்மையாரே கூறவில்லை. சில சமயம் ஒருசேர இருக்கும் என்றும் எழுதியிருக்கிறார். அவர் கையாண்டது உரையாடலேயன்றி, அளந்து சரிபார்க்கும் ஆய்வு முறையன்று என்பது பின்வந்த அறிஞர்களின் குறை. அவை இறப்போரிடம் கண்ட நிலைகள். நாளடைவில் இறந்தவரை எண்ணி வருந்துவோருக்கும் அப்படியே ஏற்றிக் கூறப்பட்டன. அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழக அறிஞர்கள் உற்றாரை இழந்த 233 பேரை ஆராய்ந்து 2007-இல் வெளியிட்ட முடிவு, அந்த வரிசையோடு முற்றும் பொருந்தவில்லை. தொடக்க மாதங்களிலிருந்தே அவர்களிடம் மிகுதியாக இருந்தது ஏற்புதான். துயர உணர்ச்சிகளுள் தலைமையானது சினமோ மறுப்போ அன்று, ஏக்கமே. 'இன்னொரு முறை பார்க்க மாட்டோமா?' என்னும் ஏக்கம் நம் ஒப்பாரிகளின் உயிர்நாடி என்பதை யாம் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை.

ஆகவே நோயாளி சினந்தால், 'இது இரண்டாம் படி' என்று முத்திரை குத்துவது தகாது. படிகள் பிழைபடலாம், அவற்றைக் கண்டறிய அம்மையார் கைக்கொண்ட வழியாகிய கேட்டல் பிழைபடவில்லை.

சொன்னதால் விளைந்தது என்ன?

ஓக்கனின் அதே வினாக்களை வேறோர் அமெரிக்க ஆஸ்பத்திரியின் டாக்டர்களிடம் கேட்டு 1979-இல் விடை வெளியிட்டனர். 97 விழுக்காட்டினர் நோயாளியிடம் சொல்வதையே விரும்பினர். பதினெட்டே ஆண்டுகளில் ஒரு தொழிலின் ஒழுக்கம் தலைகீழாகத் திரும்பியது. சிகிச்சை முறைகள் முன்னேறியதும், நோயாளியின் உரிமை பற்றிய எண்ணம் வளர்ந்ததும், மேலே கூறிய ஆய்வுகள் பரவியதும் இதற்குக் காரணமாயின.

எனினும் தாய் தந்தையரின் அச்சம் எஞ்சி நிற்கிறது: 'சொன்னால் மனம் உடைந்துவிடுமே!' இதற்கு இரண்டு சான்றுகளைக் காட்டலாம்.

முதலாவது சுவீடன் நாட்டினது. புற்றுநோயால் குழந்தையை இழந்த பெற்றோரிடம், 'குழந்தையோடு மரணத்தைப் பற்றிப் பேசினீர்களா?' என்று கேட்டார்கள். 2004-இல் முடிவு வெளியாயிற்று. பேசிய பெற்றோர் 147 பேர்; பேசியதற்காக வருந்தியவர் ஒருவர்கூட இல்லை. பேசாதவர் 258 பேர். அவர்களுள் 69 பேர் பேசாமற்போனோமே என்று வருந்தினர். குழந்தைக்கே விளங்கிவிட்டது என்று உணர்ந்திருந்தும் பேசாதவரிடம் அவ்வருத்தம் மிகுதியாயிருந்தது. பிள்ளைகளோடு பழகும் நமக்கு இதில் வியப்பில்லை. பெரியவர் முகத்தைப் படிப்பதில் குழந்தையை மிஞ்சியவர் உண்டோ?

இரண்டாவது அமெரிக்காவில் முற்றிய புற்றுநோயாளர் 332 பேரைப் பற்றியது, 2008-இல் வெளிவந்தது. அவர்களுள் 123 பேரிடம் மட்டுமே டாக்டர்கள் இறுதிக்காலத்தைப் பற்றிப் பேசியிருந்தனர். பேசப்பட்டவரிடம் மனச்சோர்வோ கவலையோ மற்றவரினும் அதிகமாய்க் காணப்படவில்லை. சுவாச இயந்திரத்தில் இணைக்கப்படுவதும் தீவிர சிகிச்சைப் பிரிவில் இறப்பதும் அவர்களிடம் குறைவு. கடைசி நாட்கள் அமைதியாயிருந்தன. மேலும் நோக்கத்தக்கது, இறுதிவரை கடுஞ்சிகிச்சையில் கிடந்து இறந்தவரின் குடும்பத்தாரே சில மாதங்கள் கழித்தும் அதிக மனச்சோர்வுக்கு ஆளாகியிருந்தனர். பேசும் மனப்பாங்கு உடையவர்களே பேசியிருக்கலாம் என்றொரு தடை இங்கு எழலாம், அது நியாயமே. எனினும் 'சொன்னால் உடைந்துவிடுவார்' என்ற பழைய தீர்ப்புக்கு இவ்வாய்வுகளில் ஆதரவு கிடைக்கவில்லை.

கேளாமல் விட்டதன் விளைவு

பேசாமையின் கடுமை முழுதும் வெளிப்படுவது, நோயாளி பேச இயலாத நிலையை அடைந்த பிறகே. 1975-இல் அமெரிக்காவின் நியூ ஜெர்சியில் கேரன் ஆன் குவின்லன் என்னும் 21 வயதுப் பெண் நினைவிழந்தாள், மீளவில்லை. சுவாச இயந்திரத்தை நீக்கும்படி பெற்றோர் வேண்டினர், டாக்டர்கள் மறுத்தனர். வழக்கு மாநில உயர்மன்றம்வரை சென்றது. தோழிகளிடம் அவள் எப்போதோ சொன்ன வார்த்தைகளைப் போதிய சான்றாக மன்றம் கொள்ளவில்லை. எனினும் அவள் சார்பில் முடிவு செய்யும் உரிமையை 1976 மார்ச்சில் தந்தைக்கு அளித்தது. இயந்திரம் நீக்கப்பட்டது. யாரும் எதிர்பாராத வண்ணம் அவள் தானே சுவாசித்து, நினைவின்றியே 1985 வரை கிடந்தாள். அவள் உள்ளம் வேண்டியது என்னவென்று ஒருவருக்கும் இறுதிவரை திட்டமாய்த் தெரியவில்லை.

அவ்வழக்கு நடந்த ஆண்டிலேயே கலிபோர்னியா மாநிலம், ஒருவர் நல்ல நினைவோடிருக்கும்போதே தம் விருப்பத்தை எழுதிவைக்க வகைசெய்யும் சட்டத்தை இயற்றியது. சிங்கப்பூர் 1996-இல் முன்கூட்டிய மருத்துவ உத்தரவுச் சட்டத்தை நிறைவேற்றியது. 21 வயது நிறைந்தவர், இரு சாட்சிகள் முன்னிலையில், அவருள் ஒருவர் டாக்டராயிருக்க, தீரா நோயின் இறுதியில் உயிரை இழுத்துப் பிடிக்கும் அசாதாரண சிகிச்சை வேண்டாவென்று அதன்படி எழுதிவைக்கலாம். இந்திய உச்ச நீதிமன்றம் 2018-இல் இத்தகைய எழுத்துக்கு அனுமதி தந்தது. இவை எவையும் உயிரைப் போக்கும் அனுமதிகள் அல்ல என்பதை மனத்திற் கொள்ள வேண்டும். பயனற்ற சிகிச்சையை நிறுத்துவது வேறு; மரணத்தை வருவிப்பது வேறு. சாண்டர்ஸ் அம்மையார் பின்னதைத் தம் வாழ்நாள் முழுதும் எதிர்த்தவர்.

நம் நாடுகளில்

சிங்கப்பூர்ச் சீனர் பகுதியின் சாகோ லேன் தெருவில், பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதி முதல் 'சாவு வீடுகள்' இருந்தன. நெருக்கமான வாடகை அறைகளில் வாழ்ந்த ஏழைத் தொழிலாளர், தங்கும் இடத்தில் சாவது ஆகாதென்ற நம்பிக்கையால், முடிவு நெருங்கியதும் அங்கே வந்து படுத்தனர். 1961-இல் அவ்வீடுகள் தடை செய்யப்பட்டன. அந்திமகாலத்தினருக்கென்று படுக்கைகள் 1985-இல் அங்குள்ள செயின்ட் ஜோசப் இல்லத்தில் ஏற்பட்டன. மலேசியாவில் ஹோஸ்பிஸ் மலேசியா 1991-இல் தோன்றி, கிள்ளான் பள்ளத்தாக்கில் நோயாளிகளை வீடு தேடிச் சென்று கவனிக்கத் தொடங்கியது. 1995-இல் கோத்தா கினபாலு அரசாங்க ஆஸ்பத்திரியில் இதற்கெனத் தனிப் பிரிவு அமைந்தது. 2019 முதல் 2030 வரைக்குரிய தேசியக் கொள்கையும் வகுக்கப்பட்டுள்ளது. வலி தணிக்கும் வழி இன்று நம் எல்லைக்குள்ளேயே இருக்கிறது. ஆனால் நோயாளியிடம் நோயையே மறைத்த குடும்பம், அத்தகைய உதவியை எப்படி அழைக்கும்? வாசலில் வந்து நிற்கும் தாதிக்கு என்ன பெயர் சொல்லும்?

எப்படிச் சொல்வது?

'இது தனிமனிதரைப் பெரிதாய் மதிக்கும் நாட்டினர் முறை. நமக்குக் குடும்பமே பெரிது' என்பார் உளர். அதிலும் உண்மை உண்டு. லாஸ் ஏஞ்சல்ஸ் நகரத்து முதியோர் 800 பேரைக் கேட்டு 1995-இல் வெளியிட்ட ஆய்வில், பரவிய புற்றுநோயை நோயாளியிடம் சொல்ல வேண்டும் என்றவர் ஐரோப்பிய வழியினருள் 87 விழுக்காடு. கொரிய வழியினருள் 47 விழுக்காடே. ஆனால் அந்த 47-ஐக் கூர்ந்து நோக்குக. ஏறத்தாழப் பாதிப்பேர்! நம் வீட்டு முதியவர் எந்தப் பாதியைச் சேர்ந்தவர் என்பதை அவரைக் கேளாமல் எவ்வாறு தெரிந்துகொள்வோம்? 'எனக்கு எதுவும் சொல்ல வேண்டாம், பெரியவனிடம் சொல்லுங்கள்' என்று அவர் கூறினால், அதுவும் அவர் முடிவு; அதற்கு மதிப்பளிக்க வேண்டும். அவர் வாயாலன்றி நாமே அவருக்காக அவ்வாறு தீர்மானிப்பதுதான் தவறு.

உண்மை நெற்றியில் எறியும் கல்லன்று. ஆசிரியப் பயிற்சியில் நாம் முதலில் கற்ற விதியே இங்கும் போதுமானது: தெரிந்ததிலிருந்து தெரியாததற்குச் செல்க. மாணவன் முன்னறிவைச் சோதியாமல் பாடம் தொடங்குவதில்லை. இன்று டாக்டர்களுக்குக் கற்பிக்கும் முறையும் அவ்வாறே அமைந்திருக்கிறது. தனிமையான இடத்தில் அமர்க. 'உங்கள் உடம்பைப் பற்றி நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?' என்று கேட்க. இன்னும் அறிய விரும்புகிறாரா என்று கேட்க. விரும்பிய அளவே, எளிய சொல்லில், சிறிது சிறிதாகச் சொல்க. அழுதால் அழ விடுக. இனி என்ன செய்வோம் என்பதைச் சேர்ந்து திட்டமிடுக. நம்பிக்கையைப் பறிக்க வேண்டியதில்லை. நம்பிக்கையின் பொருள் மாறும். பிழைக்கும் நம்பிக்கை போய், வலியின்றி இருக்கும் நம்பிக்கையும், பேரனைப் பார்க்கும் நம்பிக்கையும், பகைத்த தம்பியோடு ஒரு வேளை உண்ணும் நம்பிக்கையும் வரும்.

தமிழருக்கு மரணம் பேசக்கூடாத பொருளன்று. நிலையாமைக்கு வள்ளுவர் ஓர் அதிகாரமே வகுத்தார். கோப்பெருஞ்சோழன் வடக்கிருந்த செய்தியும், அவனை முன்பின் காணாத பிசிராந்தையார் வந்து அவனோடு அமர்ந்த செய்தியும் புறநானூற்றில் உள்ளன. அம்மன்னன் செய்தது நமக்கு முன்மாதிரி என்பது என் கருத்தன்று. முடிவு நெருங்கியதை ஒளிக்காமல் நண்பர் சூழ இருந்தான் என்பதே இங்குக் கருதத்தக்கது. அந்த மரபில் வந்த நாம், இறந்தபின் ஊர் கேட்க ஒப்பாரி வைக்கிறோம். இருக்கும்போது காதருகே ஒரு சொல் சொல்ல அஞ்சுகிறோம்.

இனி மாணவன் அக்குறளைப் பற்றிக் கேட்டால் என்ன விடை கூறுவது? வள்ளுவர் அளித்த இசைவு மெய். அவர் வைத்த நிபந்தனையும் மெய். மரணப் படுக்கையில் சொல்லும் பொய், சொல்லுகிறவருக்குச் சில நாள் ஆறுதல் தருகிறது. கேட்பவரிடமிருந்தோ விடைபெறும் உரிமையையும், மன்னிப்புக் கேட்கும் வாய்ப்பையும், தம் உடம்பைப் பற்றித் தாமே முடிவு செய்யும் தகுதியையும் பறித்துக்கொள்கிறது. இதைக் குற்றமற்ற நன்மை என்று கூற இயலாது. அந்த உதாரணத்தை நம் வகுப்பறையிலிருந்து நீக்கிவிடுவோம். மாணவனுக்கு வேறோர் உதாரணம் தேடுவோம். நம் இல்லத்து நோயாளியிடம் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு அமர்ந்து, அவர் சொல்வதை முதலில் கேட்போம்.